மேம்படுத்தவில்லை ஐயா, புனைந்தார்கள்

போன வாரம் ஒரு இசைத்தட்டு அறிமுகத்தில் 'மேடையிலேயே மேம்படுத்தப்பட்ட ஜாஸ்' என்று படித்தேன். ஏறும்போது மட்டமாக இருந்து இறங்கும்போது தேறிவிட்டதா? இந்தப் பிழை என் கண்ணில் படுவது இது மூன்றாவது தடவை. இம்ப்ரூவ் (மேம்படுத்துவது) வேறு, இம்ப்ரொவைஸ் (வாசிக்கும்போதே புனைவது) வேறு. அகராதியில் பக்கத்துப் பக்கத்து வீடு, அவ்வளவுதான், சொந்தம் கிடையாது.

இம்ப்ரொவைசேஷனுக்கு வேர் லத்தீன்: 'முன்கூட்டிக் காணாதது'. சரி, வேர் முடிந்தது.

அந்த வேரைப் பிடித்துக்கொண்டு 'முன்தயாரிப்பற்ற இசை' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு எரிச்சல் இதில்தான். முன்னது கவனக்குறைவு, இது உட்கார்ந்து யோசித்துச் செய்த தவறு. தயாரிப்பில்லாமலா வாசிக்கிறார்கள்? டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழு 1959இல் பதிவுசெய்த 'சோ வாட்'டைக் கேளுங்கள். ஒரு சுற்றுக்கு 32 பார், அதாவது 32 தாளக் கட்டங்கள். முதல் 16 டி டோரியன் என்ற சுர அமைப்பில், அடுத்த 8 அரைச்சுரம் மேலே, கடைசி 8 பழைய இடத்துக்கே. தனியாக வாசிப்பவர் எண்ணிக்கையைத் தவறவிட்டால், குழு மேலே போயிருக்கும், இவர் கீழேயே நின்றுகொண்டிருப்பார். தயாரிப்பெல்லாம் இருக்கிறது. வாசிக்கப்போகும் சுரவரிசைதான் முன்பே எழுதப்படவில்லை.

1965 ஜூலை 2, நியூபோர்ட் ஜாஸ் விழா. அங்கே பதிவான இசைத்தட்டில் ஒரு பக்கம் ஜான் கோல்ட்ரேன், மறுபக்கம் ஆர்ச்சி ஷெப், இருவரும் சாக்சஃபோன் கலைஞர்கள். 'ஸ்காக்' என்ற உருப்படியில் ஷெப், ஹெராயின் பழக்கத்தைப் பற்றித் தானே எழுதிய கவிதையைப் பேசுகிறார். பாபி ஹட்சர்சனின் வைப்ரஃபோனும் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) பேஸும் டிரம்ஸும் அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு நகர்கின்றன. சொல் எழுதி வந்தது, இசை அங்கே பிறந்தது. மொத்தத்தையும் 'முன்தயாரிப்பற்றது' என்றால் இந்த வித்தியாசம் எங்கே போகும்?

மனோதர்மம் இருக்கிறதே என்பார்கள் கர்நாடகக் கச்சேரி ரசிகர்கள். பொருள் பொருந்துகிறது. வடசொல் என்பதும் எனக்குப் பெரிய குறையில்லை. ஆனால் அந்தச் சொல் வந்தாலே நிரவலும் கற்பனைச் சுரமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஷெப்புக்கு இடம் இருக்காது. காளமேகத்தின் ஆசுகவிதான் இன்னும் நெருக்கம்: ஈற்றடியைக் கொடுத்தால் நின்ற இடத்திலேயே வெண்பா, ஆனால் தளை தட்டக்கூடாது. அதற்காக 'ஆசு இசை' என்று வைக்கவும் முடியாது. ஆசு என்றால் குற்றம் என்றும் பொருள். பாவம், வாசித்தவர் என்ன செய்தார்?

என் ஓட்டு 'உடன்புனைவு'க்கு. வினையாக வரும் இடத்தில் அதுகூட வேண்டாம். 'மேடையிலேயே புனைந்து வாசித்த ஜாஸ்' என்றால் யாருக்கும் புரியும். அந்த அறிமுகத்தில் இப்படி மாற்றிப் பார்த்தேன், வாக்கியம் நிமிர்ந்துவிட்டது. அடுத்த வரியில் ஸ்போக்கன் வேர்ட், அதாவது ஷெப் செய்ததுபோல் கவிதையைப் பேசி நிகழ்த்துவது, 'பேசப்பட்ட வார்த்தை' ஆகியிருந்தது. பக்கத்தை மூடிவிட்டேன்.