பெரிய நாய்களின் முழங்கால் லிகமென்ட் ஏன் அறுகிறது?

"டாக்டர், பந்தைத் துரத்தி ஓடினான், திடீரென்று கத்தினான். அதற்கப்புறம் பின்னங்காலை ஊன்றவே இல்லை." லாப்ரடார், ராட்வைலர் வளர்ப்பவர்கள் பலர் என்னிடம் இப்படித்தான் சொல்வார்கள். பந்து எறிந்தது தன் தப்பு என்று நொந்துகொள்பவர்களும் உண்டு. ஆனால் அன்றைக்கே எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரங்களில் புதிய எலும்பு முளைத்திருப்பதைப் பல முறை பார்க்கிறேன். அது ஒரே நாளில் வராது, வாரக்கணக்கில் ஆகும். அதாவது, மூட்டு ஏற்கெனவே கெட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

லிகமென்ட் என்பது மூட்டில் எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார்ப்பட்டை. ஓடும்போது வேகமாகத் திரும்பினாலோ, குழியில் கால் சிக்கினாலோ நல்ல லிகமென்ட்டும் அறுந்துபோகலாம்தான். ஆனால் நாய்களில் பெரும்பாலும், பழைய கயிறு நைவதுபோல, நார்நாராக விட்டுக்கொண்டே வந்து ஒருநாள் முழுவதுமாக அறுகிறது.

ஏன் நைகிறது? நாய் எப்போதும் முழங்காலை மடக்கியே நிற்கும். அதன் கீழ்க்கால் எலும்பின் மேல்முனை பின்பக்கம் சரிந்திருப்பதால், எடை ஏறும் ஒவ்வொரு முறையும் அந்த எலும்பு முன்னால் நழுவப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது இந்த லிகமென்ட்தான். சரிவு அதிகமென்றால் இழுப்பும் அதிகம். பரம்பரையும் சேர்ந்துகொள்கிறது: நியூஃபவுண்ட்லாந்து, ராட்வைலர், லாப்ரடார் இனங்களில் இது அதிகம்; கிரேஹவுண்டில் மிக அரிது. மூட்டுக்குள் நீடிக்கும் அழற்சியும் நார்களை அரிக்கும். பெரிய இன நாய்களுக்கு வளர்ச்சி முடியும் முன்பே கருத்தடை செய்வதற்கும் இதற்கும் தொடர்பு தெரிகிறது. எந்த வயதில் செய்யலாம் என்று மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்.

நம் கையில் முழுக்க இருப்பது உடல் எடை. விலா எலும்புகள் கையால் தடவும்போதே தெரிய வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடுதல். வாரம் முழுக்க வீட்டில் படுத்திருந்துவிட்டு ஒரே நாளில் வெறித்தனமாக ஓடுவதைவிட, தினமும் நடப்பது தொடைத் தசையைக் காக்கும்.

நாய் உட்காரும்போது ஒரு காலை மட்டும் பக்கவாட்டில் நீட்டுகிறதா? தூங்கி எழுந்ததும் கொஞ்ச தூரம் நொண்டுகிறதா? ஒரு தொடை மட்டும் மெலிந்திருக்கிறதா? பாதி அறுந்த நிலையில் இப்படித்தான் தெரியும். ஓய்வு கொடுத்தால் நொண்டல் குறையும். சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஒரு காலில் லிகமென்ட் அறுந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு மறு காலிலும் பின்னாளில் அறுகிறது.

மருத்துவரிடம் காட்டும்வரை ஓட்டம், குதித்தல், மாடிப்படி வேண்டாம். வலிக்கிறதே என்று நீங்கள் சாப்பிடும் ஐபுப்ரோஃபென் மாத்திரையைத் தராதீர்கள். அது நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.