சுத்தியல் விழுந்த பிறகு யாரைக் கேட்பது?

பழங்காசுத் தகராறோடு என் வக்கீல் அலுவலகப் படியேறுகிறவர்களில் பலர் காசு வாங்கியவர்களே இல்லை, விற்கப் போனவர்கள். வீட்டு உண்டியலில் கிடந்த வைஷ்ணவ தேவி ஐந்து ரூபாய்க் காசுக்குப் பத்து லட்சம் தருகிறேன் என்று யாரோ போனில் பேசியிருப்பார். பதிவுக் கட்டணம், வரி, ரிசர்வ் வங்கி அனுமதி என்று தவணை தவணையாகக் கறந்துவிட்டு நம்பரை அணைத்திருப்பார். அந்தக் காசு 2012-ல் பொதுப் புழக்கத்துக்கு வெளியிட்டது. கடைச் சில்லறையிலேயே வந்து விழும். இப்படிப்பட்ட வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை, கமிஷன் எதுவும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிக்கை விட்டது. பணம் போன அன்றே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் உண்டு. வக்கீலைத் தேடுவதெல்லாம் அப்புறம்.

காசு விவரம் தெரிந்திருந்தும் வாங்கி ஏமாறுகிறவர்கள் இன்னொரு வகை. சிக்கல் அதிகம் அங்கேதான்.

பெங்களூரு அல்சூர்ப் பக்கம் ஒரு பெரியவர். பொதுத்துறைத் தொழிற்சாலையில், கருவிகளும் அச்சுகளும் செய்யும் டூல் ரூமில் இருந்து ஓய்வு பெற்றவர். வாட்ஸ்அப் குழு ஏலத்தில் 1939-ஆம் வருடத்து ஒரு ரூபாய் எடுத்திருந்தார். ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட அந்த ரூபாயின் கதை சேகரிப்பவர்களுக்குத் தெரியும். பழைய தரத்தில், அதாவது 11.66 கிராம் எடையும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று சொச்சம் வெள்ளியுமாக, கடைசியாக அடித்த வருடம் அது. அடுத்த ஆண்டே வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 1938 தேடினால் கிடைக்கும், 1939 லேசில் கிடைக்காது. விலை வித்தியாசத்தைச் சொல்லவே வேண்டாம்.

காசை என் மேஜையில் வைத்துவிட்டு அவர் சொன்னார்: "எடை சரி சார், வெள்ளியும் சரி. இந்த ஒன்பது மட்டும் எங்க டூல் ரூம்ல செஞ்ச மாதிரி இருக்கு."

லென்ஸ் வைத்துப் பார்த்தால் புரிந்தது. அசல் 1938 காசில் எட்டின் கீழ்வளையத்து இடப்பக்கத்தைச் சுரண்டி ஒன்பதாக்கியிருந்தார்கள். மற்ற மூன்று எண்களைச் சுற்றி ஒரே சீரான பழுப்பு. இந்த எண்ணின் காலடியில் மட்டும் நகக்கண் அளவு இடம் வெளுத்து, மெல்லிய கோடுகளோடு கிடந்தது. இந்த மோசடியின் சாமர்த்தியம் என்னவென்றால், காசு அசல் என்பதால் எடை, ஓசை, வெள்ளி எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். ஏலத்துக்குப் போட்ட படமோ குழல் விளக்கு வெளிச்சத்தில் சாய்வாக எடுத்தது.

சட்டம் அவர் பக்கம்தான். விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும் என்கிறது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-வது பிரிவு. 1939 என்று சொல்லி 1938-ஐத் தள்ளியவர் 'ரிட்டர்ன் கிடையாது' என்று ஒரு வரி போட்டுவிட்டால் தப்பிக்க முடியாது. சரி, நோட்டீஸை யாருக்கு அனுப்புவது? பில் இல்லை. குழுவில் இருந்தது ஒரு செல்லப்பெயர், பணம் போனது வேறொருவர் யூபிஐ-க்கு. கொரியர் உறையில் இருந்த முகவரிக்கு அனுப்பினோம். அப்படி யாரும் இங்கே இல்லை என்று திரும்பி வந்தது.

காசை ஆயிரம் தடவை பெரிதாக்கிப் பார்க்கிறவர்கள் விற்பவரை ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. நூறாண்டைத் தாண்டிய காசு சட்டப்படி தொல்பொருள். அதை விற்பதைத் தொழிலாகச் செய்கிறவருக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிம எண் கேளுங்கள். கேட்டவுடன் கோபம் வருகிறதா, எண் வருகிறதா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். ஒழுங்கான ஏல நிறுவனம் கேட்லாக்கில் எடை, குறிப்பு எண், எந்த அக்கசாலையில் அடித்தது என்பதையெல்லாம் எழுதி அதற்குக் கீழே தன் பெயரைப் போடும். போலி என்று தெரிந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம், அதை யார் தீர்மானிப்பது என்றும் நிபந்தனைகளில் இருக்கும். அந்தப் பொடியெழுத்தைப் படிக்காமல் கை தூக்காதீர்கள். சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலம் முடிந்த தொகைக்கு, மேல் வாங்குபவர் கமிஷனும் வரியும் ஏறும் என்பதும் அங்கேதான் இருக்கும்.

'படத்தில் உள்ளபடி' என்ற விவரணை என்னைப் பொறுத்தவரை விவரணையே இல்லை. ராமர், அனுமன் உருவத்தோடு 1818 என்று போட்ட 'கிழக்கிந்தியக் கம்பெனி' செம்புக்காசுகள் இப்படித்தான் விலை போகின்றன. கம்பெனி அப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை. அரிசியைக் காந்தம்போல இழுக்கும் என்று சொல்லி விற்கும் கூத்து தனி.

அப்புறம், ஏலத்தை ஏற்றிவிடும் ஆட்கள். விற்பவரோ அவருடைய கூட்டாளியோ வேறு பெயரில் கேட்டு விலையைத் தூக்குவது ஆன்லைனில் மிகச் சுலபம். முன்பு சொன்ன சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: விற்பவர் தானும் கேட்பேன் என்று முன்கூட்டி அறிவிக்காமல் கேட்டால், அந்த விற்பனையை வாங்கியவர் மோசடி என்றே கொள்ளலாம். பொய்யாகக் கேட்டு விலையேற்றியிருந்தால் ரத்து செய்யலாம். நிரூபிப்பதுதான் பாடு. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு பொருளிலும் கடைசிவரை வந்து உங்களுக்கு முந்தின தொகையோடு நின்றுவிடும் ஒரே எண், ஜெயித்த காசே மறுமாதம் அதே படத்தோடு மறுபடி ஏலத்துக்கு வருவது இதெல்லாம் தடயம். கேட்புப் பட்டியல் அழிவதற்குள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். யார் கேட்டார்கள் என்ற வரிசையையே காட்டாத ஏலத்தில் பெரிய தொகைக்குப் போக என் கட்சிக்காரர்களை நான் விடுவதில்லை.

அயல்நாட்டுத் தரச்சான்று நிறுவனங்கள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் காசுகளையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள். சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையில் உள்ள காசின் கீறலோடு ஒப்பிடுங்கள்.

தளத்தின் வழியே வாங்கியிருந்தால் 2020 மின்வணிக விதிகள் கைகொடுக்கும். விற்பவரின் பெயர், முகவரியைத் தளம் காட்ட வேண்டும். குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். மும்பை விற்பனையாளருக்காக மும்பைக்கு ஓட வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. ஒரு விஷயம்: மறுவிற்பனைக்காக வாங்கியவரைச் சட்டம் நுகர்வோர் என்று ஏற்காது. 'இது முதலீடு, அடுத்த வருஷம் டபுள்' என்று குழுவில் நீங்கள் பீற்றியதை எதிர்த்தரப்பு வக்கீல் அச்செடுத்துக்கொண்டு வருவார்.

பொட்டலம் வந்ததும் பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். உறை ஒட்டிய இடம், முகவரிச் சீட்டு, காசின் இரண்டு பக்கம், விளிம்பு எல்லாம் அதில் தெரியட்டும். பிடித்த காசை சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் மகனுக்குப் பரிசாக அனுப்பும் ஆசை இருந்தால் வருடத்தைப் பாருங்கள். நூறாண்டு கடந்த காசைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. விமான நிலையத்தில் சுங்கக்காரர் பிடித்தால், வாங்கிய பில் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அது உங்களைக் காப்பாற்றாது.