டிரஸ்டட் ஃபவுண்டரி: தமிழில் 'நம்பக வார்ப்பகம்'

அமெரிக்க ராணுவத்துக்கான மின்னணுச் சில்லுகளை (சிப்)ப் பற்றிப் படிக்கும்போது 'டிரஸ்டட் ஃபவுண்டரி' என்ற பெயர் கட்டாயம் எதிர்ப்படும். இதை 'நம்பகமான தொழிற்சாலை' என்று எழுதினால் பாதிப் பொருள்தான் வரும், ஏனென்றால் நல்ல சரக்கை நேரத்துக்குக் கொடுக்கிற எந்த ஆலையையும் அப்படிச் சொல்லிவிடலாம். இங்கே பேச்சு தரத்தைப் பற்றியது அல்ல.

முதலில் ஃபவுண்டரி. உருக்கி ஊற்றுவதைக் குறிக்கும் 'ஃபுண்டெரே' என்ற லத்தீன் வினைதான் வேர், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சில்லு ஆலையில் யாரும் இரும்பை உருக்கி அச்சில் ஊற்றுவதில்லை. சிலிக்கன் தகட்டின் மேல் ஒளியால் வடிவம் பதித்து, அரித்து, அடுக்கடுக்காகக் கட்டுகிறார்கள். ஆனாலும் பெயர் பொருந்துகிறது, காரணம் தொழில்முறை: வடிவம் ஒருவருடையது, அதைச் செய்து கொடுப்பவர் வேறொருவர். 1987-இல் தொடங்கிய தைவானின் டிஎஸ்எம்சி இதையே முழுநேரத் தொழிலாக்கியது.

கவலையும் இங்கேதான் பிறக்கிறது. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ள சில்லில் வடிவமைத்தவருக்குத் தெரியாமல் ஒரு சிறு சுற்றை யாராவது சேர்த்துவிட்டால் (இதற்கு வன்பொருள் டிரோஜன் என்று பெயர்) வழக்கமான சோதனையில் அது பெரும்பாலும் சிக்காது. செய்யவேண்டிய வேலையைச் சில்லு செய்கிறதா என்றுதான் சோதிக்கிறோம், செய்யக்கூடாத எதையாவது செய்யுமா என்று அல்ல. அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்கலாம், ஆனால் பிரித்த சில்லு அதோடு போச்சு. அதனால் சில்லைச் சோதிப்பதோடு நிற்காமல், அது பிறக்கும் இடத்தையும் தொடும் ஆட்களையும் சோதிப்பது என்று முடிவெடுத்தார்கள். 'டிரஸ்டட்' என்பது அந்தச் சோதனையில் தேறியதற்கான அடையாளம், வெறும் பாராட்டு அல்ல.

2003-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இதற்கான கொள்கையை வகுத்தது, 2004-இல் ஐபிஎம் ஆலைகளோடு ஒப்பந்தம் வந்தது. அங்கீகாரம் கொடுப்பது அந்தத் துறையின் நுண்மின்னணு அமைப்பான டிஎம்இஏ. 2015-இல் ஐபிஎம் தன் ஆலைகளை அபுதாபி அரசு முதலீட்டு நிறுவனத்தின் கையிலிருந்த குளோபல்ஃபவுண்டரீஸுக்குக் கொடுத்துவிட்டது. அதே கட்டடம், அதே கருவிகள். இருந்தும் உரிமையாளர் மாறியதால் நம்பிக்கை கேள்விக்குள்ளாகி, 2016-இல் புது ஒப்பந்தம் போடவேண்டி வந்தது. இந்தச் சொல்லின் பொருளை இதைவிடத் தெளிவாக விளக்கும் நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொரு சங்கடம், ராணுவம் வாங்குவது உலகச் சில்லு விற்பனையில் மிகச் சிறு பங்கு. அதற்காக மட்டும் யாரும் அதிநவீன ஆலையை நடத்த மாட்டார்கள். 2018-இல் குளோபல்ஃபவுண்டரீஸ் அன்றைய அதிநவீனத் தலைமுறையான 7 நானோமீட்டர் சில்லுக்கான முயற்சியைக் கைவிட்டபோது இது வெட்டவெளிச்சமானது. 2024-இல் ராணுவத்துக்கான சில்லுகளுக்கென்றே அமெரிக்க அரசு இன்டெல்லுக்கு 300 கோடி டாலர் வரை ஒதுக்கியதன் பின்னணியும் இதுதான்.

போலிச் சில்லுகளை இதோடு குழப்பக்கூடாது. பழைய பலகைகளிலிருந்து பிரித்தெடுத்து, மேலே அச்சிட்ட எண்களை அழித்துப் புதிதென்று விற்பது வேறு நோய். 2012-இல் அமெரிக்க செனட் குழு அப்படி சுமார் 1,800 நேர்வுகளை, மொத்தம் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட உதிரிகளை, பட்டியலிட்டது. இடைத்தரகர்களிடம் பழைய உதிரி வாங்கும்வரை எந்த ஆலைக்கு எத்தனை அங்கீகாரம் கொடுத்தும் அது தீராது.

சரி, தமிழில்? 'வார்' என்றாலே ஊற்று என்றுதான் பொருள், ஆகவே வார்ப்பகம் லத்தீன் வேருக்கு அப்படியே ஈடாக நிற்கிறது. 'பாதுகாப்பு வார்ப்பகம்' வேண்டாம். ராணுவம், விபத்தில்லாமை, திருட்டுத் தடுப்பு எல்லாவற்றுக்கும் 'பாதுகாப்பு' என்றே சொல்கிறோம், எது என்று வாசகருக்குப் புரியாது. என் தேர்வு 'நம்பக வார்ப்பகம்'. இரும்பு வார்ப்போடு குழம்பாமலிருக்க முதல் முறை 'நம்பகச் சில்லு வார்ப்பகம்' என்று முழுதாக எழுதலாம். அப்புறம், டிஎம்இஏ அங்கீகரிப்பது ஆலைகளை மட்டும் அல்ல. வடிவமைப்பு, உறையிடல், சோதனை செய்யும் நிறுவனங்களும் அதில் உண்டு, அவற்றை 'நம்பக வழங்குநர்' என்று எழுதுவதே சரி.