மூக்கு பெரிதாக வந்துவிட்டதா? கையைத் திட்டாதீர்கள்

முகம் வரையக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே புலம்பலோடுதான் வருவார்கள்: "எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் சார் வரைஞ்சேன், ஆனா ஆள் மாதிரியே இல்லை." போன மாதம் ஒரு மாணவி தன் அக்காவை வரைந்து எடுத்து வந்தார். ஷேடிங் பிரமாதம், தலைமுடி இழை இழையாக இருக்கிறது, ஆனால் மூக்கு துருத்திக்கொண்டும் காதுகள் கன்னத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டும் யாரோ ஒருவர் போல. எதைப் பார்த்து வரைந்தீர்கள் என்று கேட்டேன். போனை நீட்டினார். செல்ஃபி! அதில் இருந்ததை அச்சு அசலாக வரைந்திருந்தார், பாவம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூக்கு நுனியிலிருந்து காது சுமார் 12 செ.மீ. பின்னால் இருக்கிறது. போன் மூக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இருந்தால் காது 42 செ.மீ. தள்ளி இருக்கும், அதனால் காதோடு ஒப்பிடும்போது மூக்கு 40 சதவீதம் பெரிதாகப் பதியும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அதே வித்தியாசம் வெறும் 8 சதவீதம். லென்ஸ் மோசம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, தூரம்தான் காரணம். தள்ளி நின்று எடுத்து, வேண்டிய இடத்தை வெட்டிக்கொண்டாலே போதும். ஃபிளாஷ் வேண்டாம், அது முகத்தின் மேடுபள்ளத்தையெல்லாம் தட்டையாக்கிவிடும். ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். போட்டோ மேல் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பார்த்து வரைகிறவர்களுக்கும் இதே கதைதான், கட்டம் போட்டோவின் கோளாறையும் சேர்த்தே காப்பி அடிக்கும்.

சரி, போட்டோ ஒழுங்காக இருந்தும் சிலருக்கு ஆளின் சாயல் வருவதில்லை. அப்போது நான் முதலில் பார்ப்பது கண்கள் இருக்கும் உயரத்தை. உச்சந்தலையிலிருந்து தாடை நுனி வரை அளந்தால், பெரியவர்களுக்குக் கண்கள் கிட்டத்தட்ட நடுவில்தான் வரும். நம்பவே மாட்டார்கள். கண்ணாடி முன்னால் நின்று பென்சிலால் அளக்கச் சொல்வேன், அப்புறம்தான் தலையாட்டுவார்கள். நெற்றியிலும் தலைமுடியிலும் வரைய சுவாரசியமாக ஒன்றும் இல்லை என்பதால் நம் மனம் அந்தப் பகுதியைச் சுருக்கிவிடுகிறது, கண்கள் மேலே ஏறிவிடுகின்றன, மண்டையே காணாமல் போகிறது. சின்னக் குழந்தைகளுக்குக் கண்கள் நடுக்கோட்டுக்கும் கீழே இருக்கும், அங்கேயும் ஏற்றிவிட்டால் குழந்தை குட்டிக் கிழவராகிவிடும்.

வண்ணத்துக்கு வந்தால், விழியின் வெள்ளைக்கு டியூபில் இருக்கும் வெள்ளையை அப்படியே வைக்காதீர்கள். மேல் இமையின் நிழல் அதில் விழுகிறது, அது சாம்பல் கலந்த நிறம். பல் ஒவ்வொன்றுக்கும் கோடு போடுவதும் வேண்டாம்.

இடையிடையே நீங்கள் வரைவதைக் கண்ணாடியில் பாருங்கள். லியோனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் சொன்ன யோசனை அது, 500 வருடமாகியும் இதற்கு இணையாக வேறொன்றை நான் பார்க்கவில்லை. இடம் வலம் மாறியதும், பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய கோணல் உடனே பளிச்சென்று தெரியும்.

அந்த மாணவி மறுவாரம் அக்காவையே கூட்டி வந்துவிட்டார். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார வைத்து, நாற்பது நிமிடத்தில் வரைந்தார். ஷேடிங் அரைகுறை, முடி வெறும் கறுப்புத் திட்டு. அக்கா தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டி, என் மூக்கு இவ்ளோ சின்னதா?"