லேமினேட் செய்த பத்திரமும் திரும்பி வந்த பிராதும்

ஆச்சி மஞ்சள் பையிலிருந்து அந்தப் பாகப் பத்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்ததும் எனக்குத் திக்கென்றது. அவர்கள் அப்பச்சி, அதாவது அப்பா, காலத்துப் பத்திரம். பூச்சி அரித்துவிடக் கூடாதே என்று மகன் காரைக்குடியில் ஒரு கடையில் கொடுத்து லேமினேட் செய்து வைத்திருந்தார். "இனிமே எதுவும் ஆகாதுல்ல தம்பி?" என்று கேட்டார்கள்.

ஒரு பத்திரத்தை நீதிமன்றம் சான்றாவணமாக ஏற்கும்போது வழக்கின் எண், தாக்கல் செய்தவர் பெயர், தாக்கலான தேதி, ஏற்கப்பட்ட குறிப்பு ஆகியவற்றை அந்தப் பத்திரத்தின் மீதே எழுத வேண்டும். நீதிபதி அதன் கீழே கையொப்பமிட வேண்டும். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 13, விதி 4 இதைச் சொல்கிறது. பிளாஸ்டிக் உறைக்குள் போய்விட்ட தாளில் எங்கே எழுதுவது? நாளைக்கு ஒரு பங்காளி 'இது எங்க ஐயா கையெழுத்தே இல்லை' என்று மறுத்தால், மையையும் தாளையும் நிபுணர் சோதித்துப் பார்ப்பதும் கடினமாகிவிடும். பழைய பத்திரத்தைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். காகித உறையில் தனியாகப் போட்டு, ஈரம் படாமல் வைத்தால் போதும்.

ஆச்சியின் பாகப்பிரிவினை வழக்கில் பிராதை, அதாவது வழக்கைத் தொடங்கும் மனுவை, தாக்கல் செய்தது நான்தான். அது இரண்டு முறை திரும்பி வந்தது.

முதல் முறை திரும்பியதற்குக் காரணம் பெயர்கள். நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் ஒரே ஆளுக்குப் பத்திரத்தில் ஒரு விலாசம் (பெயருக்கு முன்னால் வரும் முதலெழுத்துகளின் வரிசை) இருக்கும், பட்டாவில் ஒரே ஓர் இனிஷியல் இருக்கும், ஆதாரில் இன்னொரு எழுத்து இருக்கும். பிள்ளை கூட்டப்பட்டவராக, அதாவது தத்துப் போனவராக, இருந்தால் முன்பு ஒரு விலாசம், பின்பு ஒன்று. வழக்கில் இருபதுக்கு மேற்பட்ட பிரதிவாதிகள். வம்சாவளிப் பட்டியலில் ஒருவிதமாகவும் பிராதுத் தலைப்பில் வேறுவிதமாகவும் நான் எழுதியிருந்தேன். வாசிக்கிற நீதிபதிக்கு இவர்கள் ஒருவரா இருவரா என்று எப்படித் தெரியும்? இப்போதெல்லாம் வம்சாவளியை எழுதி முடித்த பிறகுதான் மற்றதைத் தட்டச்சுக்குக் கொடுக்கிறேன்.

இரண்டாவது முறை சொத்து விவரம். அசையாச் சொத்து என்றால் அடையாளம் காணும் அளவுக்கு விவரம் வேண்டும். எல்லைகளாலோ சர்வே எண்ணாலோ அடையாளம் காட்ட முடியுமானால் அதையும் எழுத வேண்டும் என்கிறது கட்டளை 7, விதி 3. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கிற வீடு அது. நான் கிழக்கேயும் மேற்கேயும் வெறுமனே 'தெரு' என்று எழுதிவிட்டேன். எந்தத் தெரு, வீட்டின் கதவு எண் எது, வளவில் (நடு முற்றத்தைச் சுற்றியுள்ள பகுதியில்) எத்தனை அறை பொது, எவை தனி என்று பிரித்து எழுதிய பிறகே நீதிமன்றம் பிராதை ஏற்று வழக்கு எண் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் ஆச்சி போன் செய்து "நம்பர் ஆயிருச்சா தம்பி?" என்று கேட்டது இன்னும் மனதில் உறுத்துகிறது. காலவரையறை முடியும் தறுவாயில் உள்ள வழக்கு என்றால் இந்தத் தாமதம் பெரிய சிக்கலாகியிருக்கும்.

திருத்தக்கூடிய குறைக்காக ஒருவரின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. திருத்தலாம்தான். ஆனால் திருத்துவதற்குள் மாதங்கள் ஓடுகின்றன, கட்சிக்காரர்களுக்கு வயதாகிறது.

தாளின் அமைப்பும் இப்படித்தான். 2020-இல் உச்ச நீதிமன்றம் ஏ4 தாளுக்கு மாறியபோது 75 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 75 கிராம்) குறையாத தாள், இருபுறமும் அச்சு, எழுத்து அளவு 14, வரி இடைவெளி 1.5, இடமும் வலமும் 4 செ.மீ. ஓரம் என்று வரையறுத்தது. ஓரத்தை வீண் என்று நினைக்காதீர்கள். வழக்குத் தாள்களின் கட்டைத் தைத்தபின் இடது ஓரத்து எழுத்துகள் தையலுக்குள் போய்விட்டால், நீதிபதி கட்டைப் பிரித்தா படிப்பார்? நம் ஊர் நீதிமன்றங்களுக்கு எந்த அளவு, எந்தத் தாள் என்பதைத் தாக்கல் பிரிவில் கேட்டுக்கொண்டு அச்செடுங்கள். தேதியையும் தொகையையும் எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். கட்டளை 6, விதி 2-இல் உள்ளதுதான். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும் வழக்கென்றால் தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். எல்லாப் பக்கங்களுக்கும் தொடர் எண் போடுங்கள், மங்கிய நகலுக்குத் தட்டச்சுப் பிரதி இணையுங்கள்.

செட்டிநாட்டுக்கென்றே உள்ள ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் வட்டிக்கடைப் பேரேடுகள் இன்னும் இருக்கின்றன, சிலவற்றில் தொகை தமிழ் எண்களிலேயே இருக்கும். பேரேட்டுப் பதிவை வைத்துத்தான் வழக்கு என்றால், அதிலிருந்து தாளைக் கிழித்துத் தர வேண்டியதில்லை. கட்டளை 7, விதி 17-இன்படி பேரேட்டையும் பதிவின் நகலையும் பிராதுடன் கொடுத்தால், அலுவலர் அடையாளமிட்டு, ஒப்பிட்டுச் சான்றளித்து, பேரேட்டைத் திருப்பித் தந்துவிடுவார். தமிழ் எண்களுக்குப் பக்கத்தில் இன்றைய எண்களை எழுதிய ஒரு பிரதியும் தயார் செய்யுங்கள், பேரேட்டில் மட்டும் எதையும் எழுதாதீர்கள்.

ஆச்சியின் பத்திரம் பதிவானது என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்க முடிந்தது. பேரேட்டுக்கு அப்படி ஒரு நகல் எந்த அலுவலகத்திலும் கிடையாது. வக்கீலிடம் கொண்டுபோகும்போது துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். ஓட்டை போடவோ பின் அடிக்கவோ யாரையும் விடாதீர்கள்.