ஷடாக்வா: வேடம் கட்டிப் பேசுவதற்குத் தமிழில் என்ன பெயர்?

ஷடாக்வா என்பது ஓர் ஏரியின் பெயர். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. அந்த மண்ணின் பூர்வகுடிகள் வைத்த பெயர். நடுவில் இறுக்கிக் கட்டிய மூட்டை என்று பொருள் சொல்கிறார்கள். வேறு பொருள் சொல்பவர்களும் உண்டு. 1874இல் ஜான் வின்சென்ட் என்ற மெதடிஸ்ட் போதகரும் லூயிஸ் மில்லர் என்ற தொழிலதிபரும் (பிற்பாடு எடிசனுக்கு மாமனார் ஆனவர்) அந்தக் கரையில் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குக் கோடைப் பயிற்சி தொடங்கினார்கள். பேச்சு, பாட்டு, வகுப்பு என்று அது பெருத்தது. 1904 முதல் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போகும் ஷடாக்வாக்கள் கிளம்பின. வானொலி, சினிமா, பொருளாதார மந்தம் மூன்றும் சேர்ந்து 1930களில் அவற்றுக்கு முடிவு கட்டின.

1970களில் வடக்கு டகோட்டா மாநிலத்தில் கூடாரம் மறுபடி எழுந்தபோது சொல்லுக்குப் புதுப் பொருள் ஏறியது. இப்போது ஷடாக்வா என்றால், ஓர் ஆய்வாளர் வரலாற்று மனிதர் ஒருவராகவே வந்து பேசுவது. முதலில் அந்த மனிதராக நின்று பேச்சு. அப்புறம் சபை கேட்கும் கேள்விகளுக்கு அதே மனிதராகவே பதில். கடைசியில் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஆய்வாளராக நின்று மீதிக் கேள்விகளுக்குப் பதில். மூன்றாவது கட்டம் இல்லாவிட்டால் அது வெறும் நாடகம்தான்.

சரி, இதைத் தமிழில் என்னவென்று சொல்வது? நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. அதிலும் வடசென்னையில் தெருவுக்கு ஒரு சொல் கிடைக்கும்.

ஏழுகிணறு வீராசாமி தெருவில் வளர்ந்தவர் இராமலிங்கர். அண்ணன் சபாபதி புராணப் பிரசங்கி. ஒருநாள் அவருக்கு உடம்பு முடியாமல் போக, நாலு பாட்டு பாடிவிட்டு வா என்று தம்பியை அனுப்பினார். போன பிள்ளை விரித்துப் பேசிய பேச்சில் சபை எழுந்திருக்கவே இல்லை என்று வள்ளலாரின் வரலாறு சொல்லும். அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய தங்கசாலைத் தெருவில் ஆறுமுக நாவலரின் அச்சுக்கூடம் இருந்தது. அவர் 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் தம் முதல் பிரசங்கத்தைத் தொடங்கினார். பைபிள் மொழிபெயர்ப்பில் பெர்சிவல் பாதிரியாருக்குத் துணை நின்றவர் அவர்; பாதிரிமார் பேசும் முறையைப் பக்கத்திலிருந்து பார்த்து, அதையே சைவத்துக்குக் கொண்டுவந்தார். பிரசங்கம் என்ற வடசொல்லுக்குத் தொடர்பு, சந்தர்ப்பம் என்பதுதான் மூலப்பொருள். மேடைப் பேச்சு என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

உபன்யாசத்தின் கதை இன்னும் வேடிக்கை. முன்னே எடுத்துவைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். தமிழில் பக்திப் பேச்சு, தெலுங்கில் எந்த மேடைப் பேச்சும், இந்தியில் நாவல்! காலட்சேபம் என்றால் காலத்தைப் போக்குவது. ‘ஏதோ காலட்சேபம் நடக்குது’ என்று வீட்டில் சொல்வதும், கதாகாலட்சேபம் என்று சபாவில் சொல்வதும் ஒரே சொல்தான். சொற்பொழிவில் இருப்பது மழை. அதில் சபை நனையலாம், திருப்பிக் கேட்க முடியாது.

பெரம்பூரில் ஒருமுறை சபை திருப்பிக் கேட்டது. ஆலைப் பகுதியில் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா என்ற பக்திச் சபையை நடத்திவந்தார்கள். (வர்ஷிணி என்றால் பொழிபவள், அங்கேயும் மழைதான்.) பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்கள் அங்கே கதை கேட்க வருவார்கள், கேட்டு முடித்ததும் ஆலையில் படும் பாட்டைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். திரு.வி.க. பேச வந்தார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பேச்சாளராக விரும்புகிற எவரும் கவனிக்க வேண்டியது அங்கே நடந்த பேச்சைவிட, பேச்சுக்குப் பிறகு நடந்ததை.

ஆனாலும் இந்தச் சொற்கள் எல்லாம் வேறொருவரைப் பற்றிப் பேசுவதற்கானவை. வேறொருவராகப் பேசுவதற்கு? வேடதாரி என்றால் ஏமாற்றுக்காரர் என்றாகிவிட்டது. மாறுவேடம் என்றதும் கண்மையால் மீசை வரைந்து, துண்டைத் தலைப்பாகையாகக் கட்டி, பாதிப் பாட்டில் அம்மாவைத் தேடும் குட்டி பாரதிகள்தான் நினைவுக்கு வருவார்கள். தனிநடிப்பு பரவாயில்லை, ஆனால் அதில் கேள்வி கிடையாது. கேள்வி இருப்பது தெருக்கூத்தில். திரைக்குப் பின்னால் வந்து நிற்கும் வேடத்தை, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நீ யார், எந்த ஊர் என்று குடைவான். வேடம் தன் வாயாலேயே பதில் சொல்லும்.

என் தேர்வு கூற்று. கூறு என்ற வினையிலிருந்து வந்த பெயர். சங்கப் பாட்டின் கீழே தலைவி கூற்று, தோழி கூற்று என்று குறித்திருப்பார்களே, அதே கூற்று. குறுந்தொகை 25ஆம் பாட்டு தலைவி கூற்று, பாடியவர் கபிலர். கபிலரைத் தலைவி என்று யாரும் நம்பிவிடுவதில்லை, ஏமாற்றிவிட்டார் என்று புகார் சொல்வதும் இல்லை. தொல்காப்பியம் செய்யுளுக்கு 34 உறுப்பு சொல்கிறது. அதில் கூற்று, கேட்போர், களன், காலம் என்ற நான்கும் அடுத்தடுத்து வருகின்றன. யார் பேசுகிறார், யாரிடம், எங்கே, எப்போது: இந்தக் கலைக்கு வேறென்ன வேண்டும்?

எப்படித் தொடங்குவது என்று கேட்பவர்களுக்குப் பெரம்பூர்க்காரர் ஒருவரையே சொல்வேன். ஆனந்தரங்கப் பிள்ளை 1709இல் பெரம்பூரில் பிறந்தவர். சிறுவயதிலேயே புதுச்சேரி போய், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர், தரகர்) ஆனார். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார், அதுவும் பேசுகிற தமிழில். தன் கையால் எழுதிவைத்தவரைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது. நாட்குறிப்பு, கடிதம், தன்வரலாறு என்று எதுவுமே கிடைக்காதவரை எடுத்துக்கொண்டால் வசனத்தை நாமே எழுத வேண்டிவரும். அது நாவலாசிரியர் வேலை.

பெரம்பூர் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் இந்தக் கூற்று நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெரியவர் எழுந்து, “ஐயா, 1746ல சென்னைக் கோட்டைய பிரெஞ்சுக்காரன் புடிச்சப்போ நீங்க எங்க இருந்தீங்க?” என்கிறார். சுலபமான கேள்வி: “புதுச்சேரியில்தான், சேதி வரக் காத்துக்கொண்டிருந்தேன்.” அடுத்து ஒரு மாணவி, “1748ல புதுச்சேரி வேதபுரீஸ்வரர் கோயில பிரெஞ்சுக்காரங்க இடிச்சாங்களே, நீங்க என்ன பண்ணீங்க?” என்கிறாள். அங்கேதான் வேர்க்கும். பிள்ளையாக நிற்கும்வரை அவர் நாட்குறிப்பில் காட்டும் கோபத்தையே காட்ட வேண்டும்: பழியில் பெரும்பங்கைத் துய்ப்ளேயின் மனைவி மேல் போட வேண்டும். தலைப்பாகையைக் கழற்றிய பிறகு, அவர் அந்த அம்மாளுக்குப் பகையாளி, ஆட்சியாளரை அண்டிப் பிழைத்தவர், தம் காலத்துச் சாதிக் கண்ணோடு ஊரைப் பார்த்தவர் என்று சொல்ல வேண்டும். முதல் பதிலை மட்டும் சொல்லிவிட்டு இறங்குபவர் பிள்ளைக்கு வக்கீல். இரண்டாவதை மட்டும் சொல்பவருக்குத் தலைப்பாகையே தேவையில்லை.

உடைக்காக ரொம்பச் செலவழிக்க வேண்டாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் கன்னிமாரா நூலகத்துக்கும் போய்வரும் பஸ் செலவு முக்கியம்.

ஒரே ஒரு சிக்கல். கூற்று என்றால் எமன் என்றும் பொருள் உண்டு. ‘சனிக்கிழமை மாலை ஆனந்தரங்கர் கூற்று, அனைவரும் வருக’ என்று நோட்டீஸ் அடித்தால் தமிழாசிரியர் யாராவது புருவத்தை உயர்த்தக்கூடும். கூற்றுரை என்று போட்டுவிடலாம், பேசுபவர் கூற்றுரைஞர்.