கேமை விட்டு விலகாத வால்வு

நாகர்கோவிலில் ஒர்க்ஷாப் ஒன்றின் மேசையில் கிடந்த பிஸ்டனின் தலையில், நகம் பதிந்ததுபோல் பிறைத் தடம் ஒன்று தெரிந்தது. சிலிண்டருக்குள் காற்று நுழையவும் புகை வெளியேறவும் வழிவிடும் வால்வு, நேரத்துக்கு மூடாமல், மேலேறி வந்த பிஸ்டனோடு மோதிய இடம் அது. வேகம் கூட்டுவதற்காக, வால்வுகளைத் திறக்கும் ‘கேம்’ என்ற புடைப்புகளைக் கொண்ட தண்டான கேம்ஷாஃப்ட்டை மட்டும் மாற்றியிருந்தார்கள். வால்வு ஸ்பிரிங் பழையதே.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். ஆகவே நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. வால்வைத் தள்ளித் திறப்பது கேம். கேமின் முகட்டை நெருங்கும்போது வால்வின் ஓட்டத்தை அடக்கி, கேமின் வளைவை ஒட்டியே திருப்பிக் கொண்டுவருவது ஸ்பிரிங். இதற்கு வேண்டிய விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவதால், 8,000 சுற்றில் ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடுகிறது. ஸ்பிரிங் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் வால்வு கேமின் பிடியிலிருந்து விலகி மிதக்கும்.

இருப்பதிலேயே முரட்டு ஸ்பிரிங்கைப் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் அநேகம். அப்போது கேம் முகடு தேயும், கேமின் தள்ளலை மேலே கொண்டுபோகும் தண்டான புஷ்ராட் வளையும். ஸ்பிரிங்குக்கும் சொந்த அதிர்வெண் உண்டு. கேமின் தாளம் அதனோடு ஒத்துப்போனால் சுருள்களுக்குள் அலை எழும்பி, பிடிமானம் தளர்ந்துவிடும். தேன்கூடுபோல் மேலே குறுகிய ஸ்பிரிங்கில் சுருள்களின் விட்டம் மாறுவதால் அந்த அலை எளிதில் திரள்வதில்லை.

எனவே எடையைக் குறைப்பதிலிருந்து தொடங்குவதே சரி என்பேன். புஷ்ராட் தள்ள, வால்வை அமுக்கும் நெம்புகோல்தான் ராக்கர் ஆர்ம். அதன் விகிதம் 1.5 என்றால், அதாவது புஷ்ராட் நகர்வதைப்போல் ஒன்றரை மடங்கு வால்வு நகர்ந்தால், வால்வுப் பக்கத்தில் குறையும் ஒரு கிராம், புஷ்ராட் பக்கத்தில் 2.25 கிராம் குறைத்ததற்குச் சமம். ஆகவே வால்வும், ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்துவைக்கும் ரீட்டெய்னரும் இலேசாக இருக்கட்டும். புஷ்ராடில் விறைப்பைப் பார்த்தால் போதும், எடையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இலேசு என்றதும் டைட்டானியம் நினைவுக்கு வரும். நம் மணவாளக்குறிச்சிக் கருமணலில் இரும்போடும் ஆக்சிஜனோடும் பிணைந்து இல்மனைட்டாகக் கிடப்பது இதுவே. ஆக்சிஜனை அது எளிதில் விடாததால்தான் மணல் உலோகமாவதற்கு இத்தனை செலவு. அதே அளவுள்ள எஃகின் எடையில் பத்தில் ஆறு பங்குக்கும் குறைவு. ஆனால் உராய்ந்தால் ஒட்டிப் பிடிக்கும் குணமுள்ளதால் தண்டுக்குப் பூச்சும் நுனிக்குக் கடினத் தொப்பியும் வேண்டும். அன்றாடம் சாலையில் ஓடும் காருக்கு நல்ல எஃகு வால்வே போதுமானது.

எதைத் தேர்ந்தாலும் முடிவாகப் பூட்டும் முன், பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, ஹெட்டை மாட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, ஹெட்டைக் கழற்றி, வால்வு அமுக்கிய இடத்தில் மண்ணை வெட்டி அதன் கனத்தை அளக்க வேண்டும்; வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி அதுவே. சூட்டில் நீளும் எக்ஸாஸ்ட் வால்வுக்குச் சற்றே கூடுதல் இடைவெளி விடுவது வழக்கம்.